யார் காசில் குறைகிறது விலை?

2009 அக்டோபர் 15, வியாழக்கிழமை. அமெரிக்காவின் வால்மார்ட் தன் இணையக் கடையில் ஓர் அறிவிப்பைப் போட்டது. இனி வரவிருக்கும் பத்துப் புத்தகங்களை, கெட்டி அட்டைப் பதிப்பில், முன்பதிவு செய்தால் ஒவ்வொன்றும் பத்து டாலர். ஸ்டீபன் கிங்கின் ‘அண்டர் த டோம்’ அதில் ஒன்று. அட்டையில் அச்சான விலை 35 டாலர். ஜான் கிரிஷம், பார்பரா கிங்சால்வர், சாரா பேலின் புத்தகங்களும் பட்டியலில் இருந்தன. அன்றைக்கே அமேசானும் பத்துக்கு இறங்கியது. வால்மார்ட் ஒன்பதுக்குப் போனது. அமேசான் பின்னாலேயே ஒன்பதுக்கு வந்தது. வால்மார்ட் 8.99 என்றது. அடுத்த வாரம் பிறந்ததும் டார்கெட் என்ற சங்கிலிக் கடையும் உள்ளே நுழைந்து அதே 8.99 என்றது. வால்மார்ட் ஒரு சென்ட் குறைத்து 8.98-இல் நின்றது.

பதிப்பகம் கடைக்குக் கொடுக்கும் விலை, அட்டை விலையில் ஏறக்குறையப் பாதி. 35 டாலர் புத்தகத்தின் அடக்கம் பதினேழு, பதினேழரை டாலர். அதை 8.98-க்கு விற்றால் பிரதிக்கு எட்டு டாலருக்கு மேல் கைநஷ்டம். விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும். பதிப்பகத்துக்கு அதன் பணம் முழுசாகப் போய்விடும், எழுத்தாளருக்கு உரிமைத்தொகையும் குறையாது. அப்படியென்றால் அந்த எட்டு டாலரைத் தந்தது யார்? துவைக்கிற சோப்பும் டயரும் டி.வி.யும் விற்று வந்த லாபத்திலிருந்து மூன்று பெரிய கடைகள் தந்தன. புத்தகம் மட்டுமே விற்கிறவருக்கு அப்படி எடுத்துக் கொடுக்க வேறு பெட்டி ஏது?

விலைப் போட்டி பற்றி எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான். குறைந்த காசு யாருடைய காசு? பதில் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது.

*

அதே மாதம் 22-ஆம் தேதி அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கம் நீதித் துறையின் போட்டிச் சட்டப் பிரிவுக்குக் கடிதம் எழுதியது. அடக்க விலைக்கும் கீழே விற்று எங்களை ஒழிக்கப் பார்க்கிறார்கள், விசாரியுங்கள் என்பது சாரம். இன்னொரு பக்கம், சில சிறு கடைக்காரர்கள் எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். பதிப்பகத்திடம் பதினேழு கொடுத்து வாங்குவதைவிட, வால்மார்ட்டிலும் டார்கெட்டிலும் ஒன்பது டாலருக்கு வாங்கித் தங்கள் அலமாரியில் அடுக்கினால் என்ன? பெரிய கடைகள் உடனே ஒருவருக்கு இத்தனை பிரதிதான் என்று வரம்பு வைத்தன. வாசகனுக்கு மலிவாகத் தருவதே நோக்கம் என்றால் எத்தனை வாங்கினால் என்ன? வரம்பு வைத்தபோதே அது விற்பனைக்கு வைத்த விலை இல்லை, ஆளை இழுக்க வைத்த விலை என்று தெரிந்துவிடுகிறது.

*

இதைப் படித்தபோது எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். ஒரு ஞாயிறு காலை டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் முன்னும் பின்னும் பெரிய கடையின் பைகளோடு வந்து இறங்கினார். சோப்புத் தூள், பேஸ்ட், டீத்தூள், ஷாம்பு பாட்டில்.

“என்ன அண்ணாச்சி, நீங்களே அங்க போய் வாங்குறீங்க?”

“என்ன செய்யச் சொல்லுதீக தம்பி? ஏஜென்சிக்காரன் எனக்குப் போடுற ரேட்டு இருக்கே, அதுக்குக் கீழ அவன் ஜனங்களுக்கே விக்கான். நான் லைன்ல சரக்கு எடுத்தா கட்டுப்படியாகாது. அங்கன எடுத்தா டஜனுக்கு நாலு காசு நிக்குது.”

பேஸ்ட் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். எம்.ஆர்.பி. ஒன்றுதான். ஒரே கம்பெனி, ஒரே தொழிற்சாலை, ஒரே எடை. அவருக்கு வருகிற வழியில் ஸ்டாக்கிஸ்ட், ஏஜென்சி, லைன் சேல்ஸ்மேன் என்று ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு மார்ஜின் கழிகிறது. பெரிய கடைக்குக் கம்பெனியிலிருந்தே லாரி வருகிறது, கூடவே அளவுக்கான தள்ளுபடி, அலமாரியில் கண்மட்டத்தில் வைப்பதற்கான பணம், விளம்பரப் பங்கு. அண்ணாச்சிக்குக் கிடைப்பது ‘பன்னிரண்டுக்கு ஒன்று’ மாதிரி ஸ்கீம், அதுவும் சேல்ஸ்மேனுக்கு மாசக் கடைசியில் டார்கெட் முட்டினால்.

அண்ணாச்சியோடு போட்டி போடுவது பெரிய கடைதான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவரைத் தோற்கடிப்பது கொள்முதல் விலை. அதை வைப்பது உற்பத்தி செய்யும் கம்பெனி.

2021 கடைசியில் நாடு முழுவதும் நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கம்பெனிகளுக்கு எதிராகக் குரல் எழுப்பியதும் இதற்காகத்தான். இணைய வழி மொத்த வியாபாரத் தளங்களுக்கு ஒரு ரேட், எங்களுக்கு ஒரு ரேட் என்றால் நாங்கள் எப்படிக் கடை கடையாகப் போய் விற்பது என்று கேட்டார்கள். மகாராஷ்டிரத்தில் சில பொருட்களை எடுக்க மாட்டோம் என்று நிறுத்தியும் பார்த்தார்கள். அந்தச் செய்தி வணிகப் பக்கத்தின் மூலையோடு போய்விட்டது. முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டியது.

*

எல்லா மலிவும் ஒன்றில்லை. இதை எனக்கே தெளிவாக எழுதி வைத்துக்கொள்கிறேன்.

சாம் வால்டன் 1962-இல் அர்கன்சாவின் ராஜர்ஸ் ஊரில் முதல் வால்மார்ட்டைத் திறந்தார். பெரிய சங்கிலிக் கடைகள் எட்டிப் பார்க்காத சிற்றூர்களைத் தேடிப் போனவர். பின்னாளில் அந்த நிறுவனம் விலையைக் குறைத்ததில் பெரும்பங்கு கிடங்கில் நடந்தது. வந்த லாரியிலிருந்து இறக்கிய சரக்கைக் கிடங்கில் அடுக்காமலேயே கடைக்குப் போகும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். இறக்குகூலி ஒரு முறை மிச்சம், இடவாடகை மிச்சம், சரக்கில் முடங்கும் பணத்துக்கு வட்டி மிச்சம். இந்த மிச்சம் விலையில் தெரிந்தால் அது நியாயமாகச் சம்பாதித்த மலிவு. வால்மார்ட்டின் சம்பளத்தைப் பற்றியும், சப்ளையரை நெருக்கும் விதத்தைப் பற்றியும் சொல்லவேண்டிய குறைகள் நிறைய உண்டு. இந்த ஒன்றில் அவர்கள் செய்தது வேலை.

நம் நாட்டில் டி-மார்ட். 2002-இல் மும்பை போவாயில் முதல் கடை. பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துவது, சப்ளையருக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து அதற்காக விலையில் குறைத்து வாங்குவது, அலங்காரத்தில் காசைக் கொட்டாமல் இருப்பது. அதன் நிறுவனர் ராதாகிஷன் தமானியின் சூத்திரம் அவ்வளவுதான். எந்த மளிகைக்காரருக்கும் புரியும் கணக்கு இது. ரொக்கம் கொடுத்தால் விலை குறையும் என்பது எந்தப் பேட்டையிலும் உள்ள வழக்கம்.

ஜெட் டாட் காம் என்று அமெரிக்காவில் ஓர் இணையக் கடை 2015-இல் தொடங்கியது. அதன் விலைக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரே கிடங்கிலிருந்து இரண்டாவது பொருளையும் கூடையில் சேர்த்தால் விலை குறையும், ஏனென்றால் இரண்டும் ஒரே பெட்டியில் போகும். திருப்பி அனுப்பும் உரிமை வேண்டாம் என்றால் இன்னும் குறையும். எதனால் குறைகிறது என்று வாங்குகிறவர் கண்ணுக்கே தெரியும். 2016-இல் வால்மார்ட் சுமார் 330 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. 2020-இல் அந்தப் பெயரையே மூடியது. ஆனால் 2017-இல் வால்மார்ட் ஒரு நல்ல காரியம் செய்தது. இணையத்தில் மட்டும் விற்கும் ஆயிரக்கணக்கான பொருட்களை, வீட்டுக்கு வேண்டாம், கடைக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றால் விலையில் கழித்தது. கடைசி மைல் டெலிவரிக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பது இதில் வாடிக்கையாளர் கண்ணுக்கே தெரிந்தது.

சிக்கனத்தில் பிறந்த மலிவு ஒரு வகை. பணபலத்தில் பிறந்த மலிவு இன்னொரு வகை. ரசீதில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். முதலாவது நாளையும் இருக்கும். இரண்டாவது, எதிராளி கடையைப் பூட்டும் வரைக்கும்தான்.

*

இரண்டாவது வகைக்கு டயப்பர் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மார்க் லோரும் வினித் பராராவும் நியூஜெர்சியில் 2005-இல் தொடங்கிய கடை டயப்பர்ஸ் டாட் காம். ஆரம்பத்தில் கம்பெனிகள் நேரடியாகச் சரக்குத் தரவில்லை. கோஸ்ட்கோ மாதிரி மொத்த விலைக் கடைகளுக்குப் போய் வாங்கி வந்து அனுப்பினார்கள். (அண்ணாச்சியின் எக்ஸெல் வண்டி அங்கேயும் ஓடியிருக்கிறது.) டயப்பரில் லாபம் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்குத் தீர்ந்துபோகிற பொருளை நம்பகமாகக் கொண்டுவந்து சேர்த்தால் அந்தத் தாய் மற்றதையும் நம்மிடமே வாங்குவாள் என்பதுதான் திட்டம். பெட்டியின் அளவைக்கூடப் பொருளுக்கேற்றபடி கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள், அனுப்பும் செலவைக் குறைப்பதற்காக. முதல் வகை மலிவு.

அமேசான் டயப்பர் விலையை முப்பது சதவீதம் வரை குறைத்தது. இவர்கள் விலையைச் சும்மா மாற்றிப் பார்த்தார்கள். அமேசானின் விலையும் கூடவே நகர்ந்தது. தங்களையே குறிவைத்து ஒரு நிரல் ஓடுகிறது என்று புரிந்தது. 2020 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையில் அமேசானின் உள் ஆவணங்களைக் காட்டிக் கேட்டார்கள்: ஒரே மாதத்தில் டயப்பரில் 20 கோடி டாலர் நஷ்டத்துக்கும் தயாராக இருந்தீர்களா? அவ்வளவு பழைய விவரம் நினைவில்லை என்பதாக அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் பதில் சொன்னார்.

2010 நவம்பரில் கடை கைமாறியது, சுமார் 54 கோடி டாலருக்கு, அமேசானிடமே. வால்மார்ட்டும் கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை. 2017-இல் லாபமில்லை என்று சொல்லி அமேசான் அதை மூடிவிட்டது.

லோர் பிறகு தொடங்கியதுதான் மேலே சொன்ன ஜெட். அதுவும் விற்றுப்போனது என்பதை யோசிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. நன்றாகக் கடை நடத்தத் தெரிந்த ஒருவர், இரண்டு முறையும், இரண்டு ராட்சதர்களில் ஒருவரிடம் போய்ச் சேர வேண்டியிருந்தது. மூன்றாவதாக ஒரு கடையாக நிற்க இடமே இல்லை.

*

டயப்பர் மலிவாகக் கிடைத்த அந்த மாதங்களில் எத்தனையோ வீடுகளில் நிஜமாகவே பணம் மிஞ்சியிருக்கும். அதைச் சிறிதென்று நான் சொல்ல மாட்டேன். மாதச் சம்பளத்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அது பால் காசு.

*

குறைந்த காசு அரசாங்கத்தின் காசாகவும் இருக்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-இல், குவில் வழக்கில், ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஊழியரோ இல்லாத வியாபாரியிடம் அங்குள்ள விற்பனை வரியை வசூலித்துக் கட்டச் சொல்ல முடியாது என்றது. அஞ்சலில் விற்பவர்களுக்காக வந்த தீர்ப்பு. பின்னால் வந்த இணையக் கடைகளுக்கு அது வரமாக அமைந்தது. ஆயிரம் டாலர் டி.வி.க்கு, எட்டு சதவீத வரியுள்ள ஊரில் தெருமுனைக் கடைக்காரர் 1,080 வாங்க வேண்டும். இணையத்தில் ஆயிரம். வாங்கியவர் அந்த வரியைத் தானே கணக்குச் சொல்லிக் கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. கட்டினவர்கள் சொற்பம்.

2018 ஜூன் 21-இல் சவுத் டகோட்டா – வேஃபேர் வழக்கில் நீதிமன்றம் அந்தப் பழைய விதியைக் கைவிட்டது. அதற்கு முன்பே, 2017 ஏப்ரலிலிருந்து, விற்பனை வரியுள்ள எல்லா மாநிலங்களிலும் அமேசான் தானே வசூலிக்கத் தொடங்கியிருந்தது. அதற்குள் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. சர்க்யூட் சிட்டி மின்சாதனக் கடைகள் 2009-இல் போயின, பார்டர்ஸ் புத்தகக் கடைகள் 2011-இல் போயின. வரி ஒன்றினால் மட்டும் அவை மூடவில்லை. ஆனால் எட்டு சதவீதம் என்பது சில்லறை வியாபாரத்தில் சின்ன எண்ணிக்கை இல்லை. பல கடைகளின் மொத்த நிகர லாபமே அதற்குக் கீழ்தான்.

*

2011 டிசம்பரில் அமேசான் ஒரு நாள் சலுகை அறிவித்தது. கடைக்குப் போ, பொருளைப் பார், கைபேசியில் அதன் பட்டைக் குறியீட்டைப் பிடி, எங்களிடம் வாங்கினால் ஐந்து சதவீதம், அதிகபட்சம் ஐந்து டாலர் கழிவு. வாடகை கட்டி, விளக்குப் போட்டு, ஆள் வைத்துப் பொருளைக் காட்டுவது ஒருவர். வியாபாரம் இன்னொருவருக்கு. செனட்டர் ஒலிம்பியா ஸ்னோ வெளிப்படையாகவே கண்டித்தார்.

பெஸ்ட் பை என்ற மின்சாதனக் கடைச் சங்கிலி இதில் செத்துப்போகும் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். 2012-இல் தலைமைக்கு வந்த ஹூபர்ட் ஜோலி, இணையத்தில் என்ன விலையோ அதே விலைக்கு இங்கேயும் தருகிறோம் என்றார். 2013-இல் அது நிரந்தர விதியானது. விலையில் வித்தியாசம் இல்லையென்றால், கையில் தொட்டுப் பார்த்தவர் அங்கேயே வாங்கிக்கொண்டு போவார். நஷ்டத்தை எதில் ஈடுகட்டினார்கள்? சாம்சங் போன்ற கம்பெனிகள் கடைக்குள் தங்கள் சொந்தக் காட்சியிடங்களைப் போடவிட்டு அவர்களோடு செலவைப் பகிர்ந்துகொண்டதில் ஒரு பகுதி. காட்டுவதும் ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு என்று கம்பெனிகளை ஒப்புக்கொள்ள வைத்தது பெரிய சாதனை. கடை பிழைத்தது.

நம் செல்போன் கடைக்காரர்களுக்குக் காட்டுவதற்குக்கூட ஒன்றும் தரப்படவில்லை. 2014 பிப்ரவரியில் மோட்டோ ஜி, ஜூலையில் ஷாவ்மியின் எம்.ஐ. 3. இரண்டும் ஃப்ளிப்கார்ட்டில் மட்டும். சென்னை ரிச்சி தெருவானாலும் மதுரை டவுன்ஹால் ரோடானாலும் “அந்த மாடல் இருக்கா?” என்று கேட்டு வந்தவரிடம், இல்லை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. விலையில் தோற்றால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். சரக்கே கொடுக்கமாட்டேன் என்றால் எந்த விலையில் போட்டி போடுவது?

மூன்று வருஷம் கழித்து, 2017 மே மாதம், அதே ஷாவ்மி பெங்களூரில் தன் முதல் எம்.ஐ. ஹோம் கடையைத் திறந்தது. ஜனங்கள் போனைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று தெரிந்துகொண்டிருக்கிறார்கள். கடைக்காரர்கள் அதை முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

*

2014 அக்டோபர் 6, ஃப்ளிப்கார்ட்டின் முதல் ‘பிக் பில்லியன் டே’. பத்து மணி நேரத்தில் 600 கோடி ரூபாய்க்கு விற்றதாக நிறுவனம் சொன்னது. தளம் படுத்தது, ஆர்டர்கள் ரத்தாயின, தள்ளுபடிக்கு முந்தைய நாட்களில் சில பொருட்களின் விலை ஏறியிருந்ததை ஜனங்கள் படம் பிடித்துப் போட்டார்கள். மறுநாள் அதன் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள்.

அந்தத் தள்ளுபடி யார் காசு? வெளிநாட்டு முதலீட்டாளர்களின் காசு. இந்த ஒரு விஷயத்தில் நம் அரசின் விதி தெளிவாகவே இருக்கிறது. 2016 மார்ச்சில் வந்த அறிவிக்கை, அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தை பொருளின் விற்பனை விலையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ கை வைக்கக் கூடாது என்றது. இடத்தை வாடகைக்கு விடலாம், சரக்கைத் தானே விற்கக் கூடாது. 2018 டிசம்பரில், தனக்குப் பங்கு உள்ள விற்பனையாளரின் சரக்கைத் தன் தளத்தில் விற்கக் கூடாது, எங்களிடம் மட்டும்தான் விற்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இறுக்கினார்கள். 2019 பிப்ரவரி 1 முதல் அமல். அதற்குச் சில மாதம் முன்புதான், 2018 மேயில், 1,600 கோடி டாலர் கொடுத்து ஃப்ளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை வாங்குவதாக வால்மார்ட் அறிவித்திருந்தது.

2012-இல் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது தமிழ்நாட்டில் வணிகர் சங்கங்கள் கடையடைப்பு நடத்தின. முதலமைச்சர் ஜெயலலிதாவும் இங்கே அனுமதிக்க மாட்டேன் என்றார். வாசல் வழியாக வராத வால்மார்ட் ஆறு வருஷத்தில் கைபேசித் திரை வழியாக எல்லா வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அப்போது போராடியவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று எழுதிய பத்திரிகைகள் அந்தப் பக்கங்களை இப்போது ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம்.

*

சட்டத்தில் ஒரு பெரிய பொத்தல். நம் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அடக்க விலைக்குக் கீழே விற்று எதிராளியை ஒழிப்பதைத் தடுக்கிறது, விற்பவர் சந்தையில் ஆதிக்க நிலையில் இருந்தால். இரண்டு ராட்சதர்கள் மோதிக்கொண்டிருந்தால் இருவரில் எவரும் தனி ஆதிக்கம் பெற்றவர் ஆகமாட்டார். கீழே நிற்கிற ஆயிரக்கணக்கான கடைகள் நசுங்கினாலும் பிரிவு பொருந்தாது. 2020 ஜனவரியில் டெல்லி வியாபாரிகளின் புகாரை ஏற்று அமேசான், ஃப்ளிப்கார்ட் இரண்டையும் விசாரிக்கப் போட்டி ஆணையம் உத்தரவிட்டபோது அது வேறு பிரிவின் வழியாகத்தான் போனது. நீதிமன்றத் தடைகளிலேயே பெரும் காலம் கழிந்தது. கடைக்காரருக்குக் கடன் தவணை ஒவ்வொரு மாசமும் வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் இன்னும் கடினம். 1993-இல் ஒரு சிகரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், இன்றைய நஷ்டத்தை நாளை விலையேற்றி மீட்கும் வாய்ப்பு இருக்கிறது என்பதையும் புகார் செய்பவர் நிரூபிக்க வேண்டும் என்றது. 2017-இல் லினா கான் என்ற சட்ட மாணவி யேல் சட்ட இதழில் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் பிடித்தது. பல தொழில் செய்கிற நிறுவனம் நஷ்டத்தை அதே பொருளில் மீட்க வேண்டியதில்லையே! அமேசானின் இயக்க லாபத்தில் பாதிக்கு மேல் கணினி வாடகைத் தொழிலிலிருந்து வந்த ஆண்டுகள் பல. டயப்பரில் விட்டதை டயப்பரில்தான் பிடிக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தால் ஒருநாளும் கிடைக்காது. அந்த மாணவி நான்கு வருஷத்தில் மத்திய வர்த்தக ஆணையத்தின் தலைவரானார்.

ஜெர்மனி இதில் தைரியமாக நடந்துகொண்டது. 2000 செப்டம்பரில் அங்குள்ள போட்டி ஆணையம் பால், வெண்ணெய், மாவு, சர்க்கரை போன்றவற்றை அடக்கத்துக்குக் கீழே விற்பதை நிறுத்துங்கள் என்று வால்மார்ட்டுக்கும் ஆல்டிக்கும் லிட்லுக்கும் சேர்த்தே உத்தரவு போட்டது. ஆரம்பித்தவர் யார் என்ற பேச்சே இல்லை. 2006-இல் வால்மார்ட் ஜெர்மனியை விட்டே போனதற்கு வேறு காரணங்களும் உண்டு.

பிரான்ஸ் 1981-லேயே புத்தக விலையைப் பதிப்பாளர் வைப்பதே விலை, ஐந்து சதவீதத்துக்கு மேல் யாரும் கழிக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. இணையம் வந்ததும் அந்த ஐந்து சதவீதத்தோடு இலவச டெலிவரியும் சேர்ந்துகொண்டது. 2014-இல் அதைத் தடுத்தார்கள். அமேசான் டெலிவரிக் கட்டணம் ஒரு சென்ட் என்று வைத்தது. விட்டுவிடாமல் இன்னொரு சட்டம் போட்டு, 2023 அக்டோபர் முதல், 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக ஆர்டருக்கு டெலிவரி குறைந்தது மூன்று யூரோ என்று ஆக்கினார்கள். அந்த மூன்று யூரோ வாசகருக்குப் பாரம்தான், குறிப்பாகப் புத்தகக் கடையே இல்லாத கிராமத்தில் இருப்பவருக்கு. இருந்தாலும் நான் அந்தச் சட்டத்தின் பக்கம். ஊரில் ஒரு புத்தகக் கடை இருப்பதற்கு ஒரு செலவு உண்டு, அதை யாராவது தந்தாக வேண்டும்.

*

விலை வைப்பது இப்போது மனிதர்கள் இல்லை. 2011 ஏப்ரலில் பெர்க்லி பல்கலைக்கழக உயிரியலாளர் மைக்கேல் ஐசன் கவனித்த ஒன்று. ‘த மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை’, பழ ஈயின் வளர்ச்சி பற்றிப் பீட்டர் லாரன்ஸ் 1992-இல் எழுதிய பாடநூல். அமேசானில் புதுப் பிரதியை இரண்டு பேர் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். ஒருவருடைய நிரல் தினமும் மற்றவர் விலையை 0.9983-ஆல் பெருக்கித் தன் விலையாக வைத்தது, அதாவது கொஞ்சமே கொஞ்சம் மலிவாக. மற்றவருடைய நிரல் இவர் விலையை 1.270589-ஆல் பெருக்கியது. அவரிடம் புத்தகம் இல்லை போலும், ஆர்டர் வந்தால் இவரிடம் வாங்கி அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கலாம் என்பது ஐசனின் ஊகம். இரண்டையும் பெருக்கினால் ஒன்றைவிட அதிகம். நாளொரு தரம் இருபத்தாறு, இருபத்தேழு சதவீதம் ஏறி, ஏப்ரல் 18-இல் விலை 2,36,98,655 டாலர் 93 சென்ட்டைத் தொட்டது. அனுப்பும் செலவு 3.99 தனி. யாரோ பார்த்துவிட்டதும் 106 டாலருக்கு இறங்கியது.

அந்தப் பழ ஈ புத்தகத்தில் தவறு கண்ணில் பட்டது, ஏனென்றால் எண் அவ்வளவு பெரிது. இரண்டு கடைகளின் நிரல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நூறு ரூபாய்ப் பொருளை நூற்று நான்கில் நிறுத்திக்கொண்டால் யார் கண்ணில் படும்? 2023 செப்டம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் 17 மாநிலங்களும் அமேசான் மேல் தொடுத்த வழக்கில் இதுவும் ஒரு குற்றச்சாட்டு. ‘நெஸ்ஸி’ என்ற நிரல், எந்தப் பொருளின் விலையை ஏற்றினால் மற்றக் கடைகளும் கூடவே ஏற்றும் என்று கணித்து அங்கே ஏற்றியது, அதில் நூறு கோடி டாலருக்கு மேல் கிடைத்தது என்கிறது ஆணையம். வேறு தளத்தில் மலிவாக விற்கும் வியாபாரியின் பொருளை அமேசானில் கண்ணுக்குத் தெரியாமல் தள்ளிவிடுகிறார்கள் என்பது இன்னொன்று. அமேசான் எல்லாவற்றையும் மறுக்கிறது. இரண்டாவது குற்றச்சாட்டு உண்மையானால், அமேசானின் கட்டணங்களைத் தாங்கி வைத்த விலையே வால்மார்ட்டிலும் அந்த வியாபாரியின் சொந்தக் கடையிலும் விலையாகிவிடுகிறது. யாரும் யாரோடும் போட்டி போடவில்லை என்று ஆகும்.

*

2024 ஜூனில் வால்மார்ட் ஓர் அறிவிப்பு செய்தது. 2026-க்குள் 2,300 கடைகளில் அலமாரியின் காகித விலைச் சீட்டுகளை எடுத்துவிட்டு மின்திரைச் சீட்டுகள் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். ஒரு கடையில் ஒரு லட்சத்துக்கு மேல் பொருட்கள். விலை மாற்ற ஊழியர்களுக்கு இரண்டு நாள் பிடித்த வேலை சில நிமிடத்தில் முடியும். கூட்டத்துக்கேற்ப விலையேற்றும் எண்ணம் இல்லை, வேலையை எளிதாக்கத்தான் என்றார்கள். ஊழியர்கள் குனிந்து நிமிர்ந்து சீட்டு மாற்றும் பாடு குறைவது நல்லதுதான்.

ஆனால் இணையத்தில் விலை எப்படி நிமிடத்துக்கு நிமிடம் நகர்கிறதோ அப்படி நகர்வதற்கான கருவி இப்போது இரும்பு அலமாரியிலும் ஏறிவிட்டது. நம் ஊர்ப் பெரிய கடைகளுக்கும் வரும். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால்தான் நம் சட்டத்தில் குற்றம். அதற்குக் கீழே காலையில் ஒன்று, மாலை ஆபீஸ் விடும் நேரத்தில் ஒன்று என்று வைத்தால் கேட்க விதி கிடையாது. கடை திறக்கும்போது மாட்டிய விலை அன்று மூடும்வரை ஏறக் கூடாது, கூடையில் போட்டபோது இருந்த விலைதான் பில்லிலும் இருக்க வேண்டும் என்று இரண்டு வரி இப்போதே எழுதிவைத்தால் போதும். எடையளவுச் சட்ட விதிகளில் அதற்கு இடம் தர வேண்டும்.